இறங்கும்போது தெரியாது... ஏறும்போதுதான் தெரியும்!

குளுகுளு மலையிலும் ஆளைச் சாய்க்கும் கோடை: கொல்லிமலை முதல் கிராண்ட் கேன்யன் வரை ஓர் எச்சரிக்கை

எத்தனை டிகிரி அடித்தால் வெப்ப அலை? இந்திய வானிலை ஆய்வு மையம் ஊருக்கு ஊர் வேறு கணக்கு வைத்திருக்கிறது. சமவெளியில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரி. மலைப்பகுதி என்றால் 30 டிகிரியே போதும். அது அந்த நாளின் இயல்பைவிட நாலரை டிகிரி கூடுதலாக இருந்தால் வெப்ப அலைதான்.

சேலத்துக்காரருக்கும் ஈரோட்டுக்காரருக்கும் இது வேடிக்கையாக இருக்கும். சித்திரையில் 30 டிகிரி கிடைத்தால் அவர்கள் அதை வரம் என்பார்கள். அந்த வரத்தைத் தேடித்தான் பள்ளி விடுமுறை விட்டதும் கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் கார்களும் பைக்குகளும் வரிசை கட்டுகின்றன. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், நாமக்கல் வெயில் ஐந்தாறு டிகிரியாவது குறைந்துவிடும். குண்டனி நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் கொல்லிமலையின் மேல்தளம், கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், காபிச் செடிகள், அன்னாசித் தோட்டங்கள், சோளக்காடு சந்தையில் குவிந்திருக்கும் பலாப்பழம். ஜன்னலை இறக்கி விட்டால் சில்லென்று காற்று.

ஆபத்து ஆரம்பிப்பதே இந்தச் சில்லென்ற காற்றில்தான்.

தலைகீழ் மலை

வழக்கமான மலையேற்றத்தில் கஷ்டம் முதலில் வரும். பாதி ஏறியதும் மூச்சு வாங்கினால் ‘போதும்டா சாமி’ என்று திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கம். முடியாதவரை மலையே வடிகட்டி அனுப்பிவிடும்.

கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவி இதற்கு நேர் எதிர். அறப்பளீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுப் படிக்கட்டில் கால் வைத்தால் இறக்கம், இறக்கம், மேலும் இறக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சாதாரண வீட்டுப் படியின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டாலே ஏறத்தாழ அறுபது மாடி வருகிறது. கீழே ஐயாறு என்ற ஆறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. அருவியில் நின்றால் உடம்பு குளிர்ந்து, வந்த களைப்பே மறந்துவிடும். ஆனால் ஏறி வர வேண்டிய அறுபது மாடி அப்படியேதான் இருக்கிறது.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் நாமக்கல்லிலோ திருச்சியிலோ கிளம்பும் குடும்பம், வளைவுகளைக் கடந்து, எட்டுக்கை அம்மனைப் பார்த்து, கோயிலுக்கு வரும்போது மணி பதினொன்று. இறங்கிக் குளித்து முடிக்கும்போது ஒன்று, ஒன்றரை. காலையில் சாப்பிட்ட இட்லி எப்போதோ ஜீரணமாகியிருக்கும். கொண்டுபோன ஒரு லிட்டர் பாட்டில் இறங்கும்போதே பாதி காலி. குளித்து வந்ததும் மீதியும் காலி. நாளின் உச்சி வெயில், வெறும் வயிறு, வெறும் பாட்டில், களைத்த கால் என நான்கும் ஒன்றுசேரும் நேரத்தில்தான் ஏற்றம் தொடங்குகிறது. இறக்கம் என்பது மலை கொடுக்கும் கடன். ஏற்றத்தில் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்ளும்.

மேலே நிற்கும்போது உணர்ந்த குளிர்ச்சியை வைத்து ‘இதெல்லாம் ஒரு வெயிலா?’ என்று முடிவு செய்கிறோம். இறங்க இறங்க வெப்பம் கூடும் என்பதை அந்தக் குளிர்ச்சி நினைக்க விடுவதில்லை. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறிலிருந்து ஏழு டிகிரி கூடும். பள்ளத்தாக்கின் இருபுறமும் உள்ள பாறை காலையிலிருந்து குடித்த வெயிலைப் பிற்பகலில் திருப்பிக் கக்கும். மேலே வீசிய காற்று கீழே வராது. திருச்சி மாவட்டப் பக்கம் புளியஞ்சோலை அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறும் பாதையில் இந்தக் கணக்கு இன்னும் பெரிது. அங்கே ஆயிரம் படியல்ல, மலையின் முழு உயரமும் பாக்கி.

அரிசோனாவில் அதே அமைப்பு

இதே தலைகீழ் அமைப்பு அமெரிக்காவின் அரிசோனாவில் பிரமாண்டமாக இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில். பைன் மரங்கள், இதமான காற்று. அங்கிருந்து கொலராடோ ஆற்றுக்கு இறங்கும் பாதை பாலைவனத்துக்குள் போகிறது. மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்பியவர், கோடை மதியத்தில் ஆற்றங்கரையில் 40 டிகிரிக்கு மேலான வெயிலில் நிற்பார். அங்கிருந்து ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவான செங்குத்து உயரத்தை ஏறியாக வேண்டும்.

அந்தப் பூங்காவின் வனக்காவலர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 250 பேருக்கும் மேற்பட்டவர்களை மீட்கிறார்கள். 2024 கோடையில் ஒரே மாதத்துக்குள் மூன்று பேர் அந்தப் பாதைகளில் இறந்தார்கள். வயதானவர்கள், நோயாளிகள் மட்டும்தான் விழுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மாரத்தான் ஓடிப் பழகிய உடல்கூட அந்த வெயிலில் தண்ணீரின்றிச் சாய்ந்திருக்கிறது. நல்ல உடற்கட்டு உள்ளவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மற்றவர்கள் நின்றுவிடும் இடத்தில் அவர் நிற்கமாட்டார்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் நம்மை மேலே தூக்குகிறது. மீதி நான்கு பங்கும் வெப்பமாக உடம்புக்குள்ளேயே தங்குகிறது. அதனால் ஏற்றத்தில் ஒவ்வொரு படியும் உள்ளே சூட்டைக் கூட்டுகிறது. அதை வெளியேற்ற உடம்பிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ‘ஆவியானால்’ என்பதுதான் முக்கியம். முழங்கையில் வழிந்து சொட்டும் வியர்வையால் தண்ணீர் நஷ்டமே தவிர, குளிர்ச்சி இல்லை.

வறண்ட பாலைவனத்தில் வியர்வை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தோல் காய்ந்தே இருக்கும். சட்டைக் காலரிலும் முதுகிலும் வெள்ளையாக உப்புக் கோடு படிந்ததைப் பார்த்தபிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்பது புரியும். கடும் வெயிலில் ஏறும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் போகலாம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட, அதாவது 35 டிகிரியைவிட, கூடிவிட்டால் இன்னொரு சிக்கல். அதன்பின் வீசும் காற்று உடம்பைக் குளிர்விக்காது. உடம்புக்குள் சூட்டை ஏற்றும்.

அருவிப் பள்ளத்தாக்கின் கதை வேறு. அங்கே வெப்பம் பாலைவனத்தைவிடக் குறைவு, ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழியும். தெர்மாமீட்டர் 33 காட்டினாலும் உடம்பு அதைவிட அதிகமாகத் தவிக்கும். மலைப்பகுதிக்கு 30 டிகிரி என்ற எல்லையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மலைக்காற்றுக்குப் பழகிய உடம்புக்கு மட்டுமான கணக்கு அல்ல அது. ஏ.சி. அறையில் ஐந்து நாள் உட்கார்ந்துவிட்டு சனிக்கிழமை மலைக்கு வருபவருக்கும் பொருந்தும். வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளில் அது நடக்காது.

தண்ணீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவு குறைகிறது. அதே ரத்தம் ஒருபக்கம் தசைக்கும் போக வேண்டும், மறுபக்கம் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் வர வேண்டும். இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். இந்தக் கட்டத்தில் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கண் இருட்டல் வரும். உடனே நின்று, நிழலில் உட்கார்ந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் குடித்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம்.

நிற்காமல் ஏறினால் அடுத்த கட்டம் வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தாக்கும் நிலை. இதன் முதல் அடையாளம் மயக்கம் அல்ல; நடத்தை மாறுவது. கலகலப்பாக வந்தவர் காரணமில்லாமல் எரிந்து விழுவார். கால் பின்னும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். ‘ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே தப்பான பக்கம் நடப்பார். வியர்வை நின்றுவிட்டால்தான் வெப்பவாதம் என்று பலர் நம்புகிறார்கள். ஏற்றத்தில் உழைத்து விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

அந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் தூக்கிச் செல்ல வேண்டும். ஆகாய கங்கைப் படிக்கட்டுக்குள் 108 ஆம்புலன்ஸ் வராது. மேலே தூக்கிப் போகும் வரை குளிர்விக்காமல் காத்திருந்தால் மூளை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் வெந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் ஓடுவது ஐயாறு. துணியைத் தளர்த்தி, ஆற்றுத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, துண்டால் விடாமல் விசிறுவது அங்கே கைக்கெட்டும் வைத்தியம். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறி வேறு ஆபத்து.

குறிஞ்சி பாலையாகும் காலம்

பாலைவனம் இல்லாத தமிழ்நாட்டில் பாலைவன வெயிலைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நம் பழைய நூல்கள் பாலையைத் தனி நிலமாகக் காட்டவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். நண்பகலும் வேனிலும் அதற்குரிய பொழுது என்கிறது தொல்காப்பியம். பாலை என்பது இடத்தைவிட நேரத்தைப் பொறுத்தது. மன்னன் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் அடிவாரச் சரிவுகள் பங்குனியில் இலையுதிர்ந்து, சருகு நொறுங்கக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆடிப்பெருக்கன்று ஓரி விழாவுக்கு வந்து நனைந்துபோனவர், அதே மலையைச் சித்திரை மதியத்தில் பார்த்தால் வேறு மலை என்றே நினைப்பார்.

தமிழ்நாட்டு மலைகள் இந்தப் பாடத்தை ஏற்கெனவே நடத்தியிருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல், கோடை வெயில், செங்குத்துச் சரிவு மூன்றும் சேர்ந்தால் ஓட இடமிருக்காது. அதன்பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத்தீ காலத்தில் அந்தப் பாதைகளை மூடியும் வைக்கிறது.

கோவை வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்களுக்கு அனுமதி. அதாவது கோடை ஏறும் மாதங்கள். 2024 பருவத்தில் அங்கே ஏழு மலை ஏறப்போன பக்தர்கள் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் அடுத்தடுத்து இறந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் வர வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது.

மலையே ஏறாமல் போன உயிர்களும் உண்டு. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசத்தைப் பார்க்கக் கூடிய லட்சக்கணக்கானோர் நடுவே, வெயிலில் சுருண்டு ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நிவாரணத்துக்கு வழி வந்துவிட்டது. தடுப்பதற்கு?

மணி பார்த்து நடந்தவர்கள்

வெயிலை யாராலும் குறைக்க முடியாது. நேரத்தை மாற்ற முடியும். மதுரைக்கு நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும், பகல் வெயிலைக் கண்ணகி தாங்கமாட்டாள் என்பதால் இரவில் நிலவொளியில் நடந்தார்கள் என்கிறது சிலப்பதிகாரம். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைவித்து, தலைச்சுமையோடு இதே சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள். மலையில் உழைத்துப் பிழைக்கும் யாரும் உச்சிப்பொழுதில் ஏற்றத்தை வைத்துக்கொள்வதில்லை. பொழுது விடியுமுன் கிளம்புவது, சுனை இருக்கும் இடத்தில் இளைப்பாறுவது, வெயில் தாழ்ந்து திரும்புவது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு இது சட்டமாகவே தெரியும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம், கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் கேமல்பேக் மலைப்பாதையைப் பகலில் பூட்டும் வழக்கத்தை 2021இல் கொண்டுவந்தது. கிராண்ட் கேன்யனில் கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை ஏற வேண்டாம் என்பது நிரந்தர அறிவுரை. மூன்று இடத்திலும் விதி ஒன்றே: எவ்வளவு வெயில் என்று வாதாடாதே, எந்த நேரம் என்று பார்.

கோடையில் மலைக்குப் போகிறீர்களா?

● ஆகாய கங்கைக்குக் காலையில் முதல் வேலையாக இறங்குங்கள். பத்து மணிக்குள் ஏறி வந்துவிட்டால் மற்ற இடங்களைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

● தண்ணீரை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கு இறங்க, இரண்டு பங்கு ஏற. இறங்குவதற்கான பங்கு தீர்வதற்குள் மேலே கிளம்பிவிட வேண்டும்.

● வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்தால் குழப்பம், வலிப்பு வரை போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு போட்ட நீர்மோர், மிளகாய்த்தூள் உப்பு தூவிய அன்னாசித் துண்டு, மேலே ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் எல்லாமே கைகொடுக்கும்.

● சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் ஏற்கெனவே தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

● ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், இதய நோயாளிகள், மனநல மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். சில மருந்துகள் உடம்பு வெயிலைச் சமாளிக்கும் வழிகளையே அடைத்துவிடும்.

● முந்தைய நாள் இரவு மது அருந்தியவருக்கு மறுநாள் மதிய ஏற்றம் வேண்டவே வேண்டாம்.

● குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். ஒருவர் பேச்சு மாறினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், குளிர்வியுங்கள், 108க்கு அழையுங்கள்.

● செல்போன் வரைபடத்தை நம்பிக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். அது சட்டப்படி குற்றம். வழி தவறினால் தேட வருபவருக்கும் நீங்கள் இருக்கும் இடம் தெரியாது.

காவல் நிற்க வேண்டிய இடம்

1996 கோடையில் கிராண்ட் கேன்யனில் வெயில் சாவுகள் கூடியபோது, பூங்கா நிர்வாகம் கீழே மீட்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. 1997 முதல் பாதையின் மேல்முனையில் ஆட்களை நிறுத்தத் தொடங்கியது. வனக்காவலர்களும் தன்னார்வலர்களும் இறங்குபவரை மறித்து, எவ்வளவு தூரம், எவ்வளவு தண்ணீர், எப்போது திரும்புவீர்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள். பதில் சரியில்லை என்றால் பாதியில் திரும்பும்படி சொல்லி அனுப்புகிறார்கள். தடுப்பு மீட்பு என்று அதற்குப் பெயர். ஏறத் தெம்பில்லாதவரைக் கீழே கண்டுபிடிப்பதைவிட, மேலேயே பேசித் திருப்புவது சுலபம், செலவும் குறைவு.

கொல்லிமலைக்கு இதைக் கொண்டுவர கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. படிக்கட்டின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: மொத்தப் படிகள், ஏற ஆகும் நேரம், இன்றைய வெப்பம், கடைசியாக இறங்கலாம் என்ற மணி. அதன் பக்கத்தில் இரண்டு பேர். சித்திரை, வைகாசி மாதங்களில் காலை பத்தரை மணிக்கு மேல் இறங்க வருபவரிடம் வயதையும் தண்ணீரையும் மருந்தையும் கேட்டு, தேவைப்பட்டால் ‘நாளைக்குக் காலைல வாங்க’ என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். வெப்ப அலை அறிவிக்கப்பட்ட நாளில் மதியம் படிக்கட்டைப் பூட்ட வேண்டும். படிக்கட்டின் நடுவே நிழற்குடை, ஓ.ஆர்.எஸ்., ஸ்ட்ரெச்சர்.

அந்த இருவர் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. குண்டனி நாட்டிலும் வளப்பூர் நாட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்த மாதம் எந்தச் சரிவு காயும், எந்தச் சுனையில் தண்ணீர் நிற்கும், எந்த நேரத்தில் பாறை சுடும் என்பது தெரியும். முதலுதவிப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால், தங்கள் மலைக்கு வருபவர்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும் வேலையை அவர்களைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை. வனத்துறை, சுற்றுலாத் துறை, நாமக்கல் மாவட்ட நிர்வாகம் மூன்றும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் நடக்கக்கூடிய காரியம். அடுத்த சித்திரைக்கு முன்பாக அது நடக்க வேண்டும்.